ஊர்க் கடையும் டவுன் சூப்பர் மார்க்கெட்டும்

வணக்கம் ஐயா,

எங்கள் ஊர் சங்கரன்கோவில் பக்கம். டவுனில் பெரிய சூப்பர் மார்க்கெட் வந்த பிறகு மாதச் சாமானை அங்கேதான் வாங்குகிறோம். சோப்பு, டீத்தூள், எண்ணெய் எல்லாம் எம்.ஆர்.பி.யை விடக் குறைவு. ஊரில் அண்ணாச்சி ஒரு ரூபாய் குறைக்க மாட்டார். இப்போது அவர் கடையில் பாதி அலமாரி காலி. "எல்லாரும் டவுனுக்குப் போயிட்டா நான் யாருக்குக் கடை வைக்க?" என்கிறார். விலை குறைந்த இடத்தில் வாங்குவது தப்பா? சிறு வியாபாரிகளுக்காக உருகுகிறவர்கள் அவர்கள் எடை குறைப்பதைப் பற்றி வாயே திறப்பதில்லையே?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தப்பில்லை. வீட்டுச் செலவில் நாலு காசு மிச்சம் பிடிப்பவரை யார் குற்றம் சொல்வது? எடை குறைக்கும் கடைகளும் உண்டுதான். அதை மறைத்து அண்ணாச்சி புராணம் பாட நான் வரவில்லை. ஆனால் அவர் ஏன் ஒரு ரூபாய்கூடக் குறைப்பதில்லை என்று பார்ப்போம்.

கம்பெனிச் சரக்கு டிஸ்ட்ரிபியூட்டர் வழியாக ஊர்க் கடைக்கு வருகிறது. இந்த வழியில் கடைக்காரருக்கு நிற்பது நூற்றுக்கு 8 முதல் 12 ரூபாய். பெரிய மொத்த விற்பனை நிறுவனங்கள் தங்களிடம் வாங்கும் கடைகளுக்கு 15 முதல் 20 வரை விட்டுக் கொடுக்கின்றன. அவர்களுக்கு ஒரு விலை, எங்களுக்கு ஒரு விலையா என்று 2021 டிசம்பரில் விநியோகஸ்தர்களின் அகில இந்தியக் கூட்டமைப்பே கம்பெனிகளோடு மல்லுக்கு நின்றது. அண்ணாச்சி குறைக்காததற்குப் பேராசை காரணமாக இருக்கலாம். வாங்கும் விலையே காரணமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

ஊர்க் கடைக்குப் போட்டி புதிதும் இல்லை. ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அரிசி 2011 முதல் இலவசம். அரசாங்கமே எதிரே கடை போட்டும் அண்ணாச்சி பிழைத்தார். ஏனென்றால் ரேஷனில் ஒரு கார்டுக்கு ஒரு கிலோ பருப்பு, ஒரு லிட்டர் எண்ணெய், அவ்வளவுதான். மீதி மாதத்துக்கு அவரிடம்தான் போயாக வேண்டும். சூப்பர் மார்க்கெட் அப்படியில்லை. மாதத்தின் முதல் வாரத்தில் கையில் ரொக்கம் உள்ளவரை அப்படியே கூட்டிக்கொண்டு போய்விடுகிறது.

அப்புறம் அண்ணாச்சியிடம் மிஞ்சுவது யார்? நோட்டில் எழுதி வாங்குகிறவர்கள். நூறு நாள் வேலைக் கூலி தள்ளிப் போகும் வீடுகள், அறுவடைக்குக் காத்திருக்கும் வீடுகள். நோட்டுக் கடனுக்கு வட்டி கிடையாது என்பார்கள். உண்மையில் அந்த வட்டி, நீங்கள் ரொக்கமாகக் கொடுத்த முழு எம்.ஆர்.பி.க்குள் இருந்தது. உங்கள் ரொக்கத்தில்தான் அவர் டிஸ்ட்ரிபியூட்டர் பாக்கியைக் கட்டினார், அந்தத் தைரியத்தில்தான் பக்கத்து வீட்டுக்குக் கடன் எழுதினார். ரொக்கம் டவுனுக்குப் போய்விட்டது, கடன் ஊரிலேயே நிற்கிறது. அவர் அலமாரி காலியாவது அதனால்தான். நாளைக்கு அவர் நோட்டை மூடினால் அந்த வீடுகள் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகப் போவதில்லை. அங்கே நோட்டு கிடையாது. வாரவட்டிக்காரரிடம் போகும்.

2012-இல் சில்லறை வணிகத்தில் 51 சதவீத அந்நிய முதலீட்டுக்கு மத்திய அரசு கதவு திறந்தபோது, தமிழ்நாட்டில் அனுமதிக்க மாட்டேன் என்று ஜெயலலிதா சொன்னார். வணிகர் சங்கங்களும் கடுமையாக எதிர்த்தன. அந்த முதலீட்டுக்குக்கூட, 10 லட்சம் மக்கள்தொகைக்கு மேல் உள்ள நகரங்களில்தான் கடை என்ற நிபந்தனை பொதுவாக இருந்தது. உள்நாட்டுப் பெரிய கடைகளுக்கு அப்படி எந்த வேலியும் இல்லை. அமெரிக்கக் கம்பெனி வந்தால்தான் ஆபத்து என்று நாம் வாசலைக் காவல் காத்துக்கொண்டிருந்தோம்.

உங்களுக்கு என் யோசனை இதுதான். சோப்பு, டீத்தூளை டவுனிலேயே வாங்குங்கள். அதில் அவருக்கு நிற்பது கொஞ்சம்தான். பருப்பு, புளி, வத்தல், வெல்லம் ஆகியவற்றை மாத முதல் வாரத்திலேயே ஊரில் ரொக்கம் கொடுத்து வாங்குங்கள். உதிரிச் சாமானில்தான் அவருக்கு நாலு காசு பார்க்க முடியும். எடையில் சந்தேகமா? தராசை உங்கள் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லுங்கள், அதில் எடையளவுத் துறை வைத்த முத்திரை எந்த வருடத்தது என்றும் பாருங்கள். கோபப்படுவார். படட்டும்.