மூஞ்சிக்கு நேரா நிக்காத பாப்பா

அன்புள்ள அக்கா,

என் மகளுக்கு ஒன்பது வயது. எந்த நோட்டைத் திறந்தாலும் கடைசிப் பக்கத்தில் குதிரைதான், கணக்கு நோட்டையும் விடவில்லை. "குதிரைப் பைத்தியம்தான் என்னைச் சிறுவர் கதை எழுத வைத்தது" என்று ஒரு கூட்டத்தில் சொன்னீர்கள். எப்படி? இவளைச் சவாரி வகுப்பில் சேர்க்கலாமா?

ச., பெரம்பூர்

அன்புள்ள ச.,

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நான் ஒழுங்காகக் குதிரை ஏறியதே கிடையாது. மெரினாவில் ஒரு சுற்றுக்குக் காசு கேட்டால் அப்பா சுண்டல் வாங்கிக் கொடுத்துச் சமாளித்துவிடுவார். அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் குதிரைக்குப் பக்கத்தில் சும்மா நிற்பேன். ஒருநாள் குதிரைக்காரர் என் தோளைப் பிடித்து நகர்த்தி, "மூஞ்சிக்கு நேரா நிக்காத பாப்பா, அதுக்கு நீ தெரிய மாட்டே" என்றார். குதிரைக்குக் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் சுற்றிலும் ஏறக்குறைய எல்லாமே தெரியும், நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும்தான் தெரியாது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. வீட்டுக்கு வந்து, கையை மூக்குக்கு நேரே பலகை மாதிரி நிறுத்திக்கொண்டு குதிரையாக நடந்து பார்த்து, அரிசி டின்னில் போய் முட்டிக்கொண்டேன்.

அப்புறம் மன்றோ சிலை, குதிரை மேல் உட்கார்ந்திருக்கும் பழைய மதராஸ் கவர்னர். பாரிஸ் கார்னர் போகும் பஸ் தீவுத்திடலைத் தாண்டும்போதெல்லாம், அவர் காலை எதில் வைத்திருக்கிறார் என்று அப்பாவைக் குடைவேன். சேணமும் இல்லை, கால் வைக்கும் அங்கவடியும் இல்லை. சிற்பி மறந்துபோய் அவமானத்தில் உயிரை விட்டாராம், ஊரே சொல்லும் கதை, அப்பாவும் அதையே சொன்னார். கட்டுக்கதைதான். 1839இல் இங்கே நிறுத்திய அந்தச் சிலையைச் செய்த பிரான்சிஸ் சான்ட்ரி, லண்டனில் நான்காம் ஜார்ஜ் மன்னரையும் இப்படியேதான் உட்கார வைத்திருக்கிறார். ஒரே ஆள் இரண்டு தடவையா மறப்பார்?

இவ்வளவும் தெரிந்தும் நான் எழுதிய முதல் கதையில் குதிரை வாயைப் பிளந்து மூச்சு வாங்கியது, போதாததற்குப் பக்கம் பக்கமாக அறிவுரையும் சொன்னது. ஒரு பதிப்பகத்தில் திருப்பி அனுப்பினார்கள், சரியாகத்தான் செய்தார்கள். குதிரையால் வாய் வழியே மூச்சு விட முடியாது, மூக்கு மட்டும்தான். பேச்சு முழுவதையும் வெட்டிவிட்டு, காதுகளை மட்டும் நம்பித் திரும்ப எழுதினேன்: முன்னால் நிமிர்ந்தால் எதையோ கவனிக்கிறது, பின்னால் மடிந்து பிடரியோடு ஒட்டினால் கோபம், கிட்டே போகாதே. நீங்கள் கேட்ட "எப்படி"க்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான். ஏழு வயதுப் பிள்ளையும் முக்கால்வாசி நேரம் அப்படித்தானே, என்ன கேட்டாலும் "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு முகத்தை மட்டும் திருப்பிக்கொள்ளும்.

சவாரி வகுப்பா? வசதி இருந்தால் சேருங்கள், ஹெல்மெட் இல்லாமல் ஏற விடாதீர்கள். இல்லாவிட்டால் ஒரு சாயங்காலம் மெரினாவுக்குக் கூட்டிப்போய், கொஞ்சம் தள்ளி, பக்கவாட்டில் நிற்க விடுங்கள். அந்தக் கணக்கு நோட்டை மட்டும் எடுத்து வையுங்கள். என்னுடையதை அம்மா பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார்: பதினோரு குதிரைகள், அதில் ஒன்றுக்கு அவசரத்தில் ஐந்து கால்.