தம்பி, ஆறு திரும்பில்லா ஓடுது?

எட்சிங் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். உலோகத் தகட்டில் (அதுதான் பிளேட்) மெழுகுப் பூச்சு பூசி, ஊசியால் படம் கீறி, கீறிய கோட்டை ஆசிட்டில் அரிக்கவிட்டு, அந்தப் பள்ளத்தில் மை நிரப்பிக் காகிதத்தில் அச்செடுப்பதுதான் எட்சிங்.

கேள்வி: கும்பகோணத்தில் கவின்கலை இரண்டாம் வருஷம் படிக்கிறேன். லீவுக்கு வரும்போது என் எட்சிங் படங்களை ஊரில் காட்சிக்கு வைக்க ஆசை. ஆனால் வீட்டிலேயே, "ஒரே படத்தைப் பத்துத் தடவை எடுத்தா அதுக்குப் பேரு ஜெராக்ஸ்தானே" என்கிறார்கள். எப்படிப் புரியவைப்பது?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: சொன்னால் புரியாது, காட்டினால்தான் உண்டு. மாணவனாக இருந்தபோது நானும் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட ஹாலை ரெண்டு நாளைக்குக் கேட்டு வாங்கி பன்னிரண்டு படம் மாட்டினேன். முதல் நாள் வந்தவர்களில் பாதிப்பேர் ஜெராக்ஸா என்றார்கள், மீதிப்பேர் பென்சிலா என்றார்கள். தாமிரபரணிக் குறுக்குத்துறைப் படத்துக்கு முன்னால் மட்டும் ஒரு பெரியவர் ரொம்ப நேரம் நின்றார், தினமும் அங்கே குளிக்கிறவராம். "தம்பி, எல்லாம் சரியாத்தான் இருக்கு, ஆறு திரும்பில்லா ஓடுது?" என்றார்.

எனக்குப் பகீரென்றது. படித்துறையில் உட்கார்ந்து, பார்த்ததைப் பார்த்தபடியே ஊசியால் பிளேட்டில் கீறியிருக்கிறேன். காகிதத்தில் ஏறும்போது இடம் வலமாக மாறிவிடும் என்று முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்தது ஆற்றைப் பார்த்த ஜோரில் மறந்தே போச்சு. வேறு வழியில்லாமல் பையில் கிடந்த பிளேட்டை எடுத்துக் கையில் கொடுத்தேன். வெளிச்சத்துக்குச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தவர், "இதுல நேராத்தான் ஓடுது" என்று சிரித்தார். ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் அவருக்கு அவ்வளவு விளங்கியிருக்காது.

மறுநாள் ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் அதனதன் பிளேட்டை வைத்தேன். ஒரு மேஜை போட்டு மை பூசித் துடைத்தும் காட்டினேன். பிளேட் முழுக்கக் கெட்டி மையை அப்பி, கஞ்சி போட்ட வலைத்துணியைப் பந்தாகச் சுருட்டி வட்டம் வட்டமாகத் துடைத்து, கடைசியில் உள்ளங்கையில் கொஞ்சம் சாக்பீஸ் தூளைத் தடவிக்கொண்டு லேசாக ஒரு இழுப்பு. பள்ளத்தில் இருக்கும் மை தங்க வேண்டும், மேலே இருப்பது போக வேண்டும். ஒரு இழுப்பு கூடினால் வானம் வெளிறிப்போகும், குறைந்தால் மழை கட்டி நிற்கும். இதை ஒவ்வொரு பிரதிக்கும் முதலிலிருந்து செய்ய வேண்டும், ஜெராக்ஸ் மிஷினுக்கு ஏது உள்ளங்கை? பிரஸ் எப்படி இருக்கும் என்று கேட்டவர்களிடம் கரும்புச்சாறு மிஷினைச் சொன்னேன்: ரெண்டு உருளை, நடுவில் போய்வரும் இரும்புப் பலகை, பிளேட்டின் மேல் ஈரக் காகிதம், அதன் மேல் கம்பளி. அந்த அழுத்தத்தில் காகிதம் கோட்டுப் பள்ளத்துக்குள்ளேயே இறங்கி மையை அள்ளிக்கொண்டு வரும். கழித்துப்போட்ட ஒரு பிரதியை வைத்துத் தடவிப் பார்க்கச் சொன்னேன், கோடு விரலில் மேடாகத் தட்டும். (கரும்பு மிஷினிலேயே போட்டு எடுக்கலாமே என்றும் ஒருத்தர் கேட்டார். எறும்பு வரும் அண்ணாச்சி என்றேன்.)

நான் பட்ட இன்னொரு அடியையும் சொல்லிவிடுகிறேன். பிரேம் போடக் கொடுத்த கடையில், அழகாக இருக்கட்டும் என்று நாலு பக்க ஓரத்தையும் படத்தை ஒட்டி வெட்டிவிட்டார்கள். பிளேட் பதிந்த விளிம்புத் தடம், இடது கீழே பென்சிலில் போட்ட எண், வலது கீழே கையெழுத்து, எல்லாம் குப்பைக்குப் போயாச்சு. 3/10 என்றால் பத்தில் மூன்றாவது. அந்த எண்ணும் கையெழுத்தும் இல்லாமல், எண்ணி எடுத்த எடிஷன் என்று யாரிடம் விற்பது? கூடவே நின்று, ஓரத்தை விட்டு மவுண்ட் (படத்தைச் சுற்றி வைக்கும் அட்டைச் சட்டம்) வெட்டச் சொல்லுங்கள், கண்ணாடி காகிதத்தைத் தொடவே கூடாது. "பத்தோடு நிறுத்திவிடுவேன், அப்புறம் எடுக்க முடியாதபடி பிளேட்டில் குறுக்குக் கோடு போட்டுவிடுவேன்" என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள். அம்மாவே ஒன்றை எடுத்து வைத்துக்கொள்வார்.

கேள்வி: வீட்டு மொட்டை மாடியில் எட்சிங் செய்யலாமா?
- வாசகர், வள்ளியூர்

பதில்: நைட்ரிக் ஆசிட் என்றால் வேண்டவே வேண்டாம். காலேஜில் துத்தநாகப் பிளேட்டை அதில் போட்டால் கோட்டின் மேல் குமிழ் குமிழாக வரும், அதைக் கோழி இறகால் தள்ளிக்கொண்டே நிற்போம். அந்தப் புகையை வீட்டில் யார் சுவாசிப்பது? செம்புக்கு ஃபெரிக் குளோரைடு போதும், அவ்வளவு புகை இல்லை. ஆனால் துணியில் பட்டால் துருக்கறை, ஜென்மத்துக்கும் போகாது. அப்புறம் சூட்டைக் கவனியுங்கள். மார்கழிக் குளிரில் பார்த்து வைத்த நிமிஷக் கணக்கை அப்படியே சித்திரை வெயிலில் நம்பி ஒரு பிளேட்டை ஊறப்போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். கரைசல் சூடானால் அரிப்பு வேகமாகும். திரும்பி வந்தபோது நெருக்கமாகப் போட்ட கோடெல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே குளமாகிக் கிடந்தது. பயன்படுத்திய கரைசலில் செம்பு கரைந்திருக்கும், அதைச் சாக்கடையில் ஊற்றினால் கடைசியில் வாய்க்காலுக்கும் ஆற்றுக்கும்தான் போகும். ஊற்றாதீர்கள்.

மாடிக்குத் தோது டிரைபாயின்ட்தான். அக்ரிலிக் ஷீட்டில் கூரான ஊசியால் நேரடியாகக் கீறினால் போதும், ஆசிட்டே வேண்டாம். கீறும்போது ஓரத்தில் எழும் பிசிறு மையைப் பிடித்துக்கொண்டு கோட்டை வெல்வெட் மாதிரி ஆக்கும். பிரஸ்ஸில் போகப் போக அந்தப் பிசிறு நசுங்கிவிடும், அதனால் நல்ல பிரதிகள் கொஞ்சம்தான் கிடைக்கும்.

கேள்வி: நம் பக்கத்துக் கலைஞர்களில் யாரைப் பார்க்கலாம்?
- வாசகர், சங்கரன்கோவில்

பதில்: கிருஷ்ண ரெட்டி. 1925-ல் ஆந்திராவில் பிறந்தவர், 1940-களின் கடைசியில் சென்னை கலாக்ஷேத்ராவில் ஓவியம் சொல்லிக்கொடுத்துவிட்டுப் பாரிஸுக்குப் போனார். கெட்டி மையும் இளகிய மையும் ஒன்றையொன்று தள்ளும் குணத்தை வைத்து ஒரே பிளேட்டில் பல நிறம் எடுக்கும் முறையை வளர்த்தவர்களில் முக்கியமானவர். சிற்பி என்பதால் பிளேட்டையே சிற்பம் மாதிரி செதுக்குவார். அடுத்து தேவகோட்டைக்காரர் ஆர்.எம். பழனியப்பன். சென்னைக்குப் போனால் கிரீம்ஸ் ரோடு லலித் கலா அகாதமியில் ஏறி இறங்குங்கள்.

கேள்வி: பத்தமடைப் பாயின் பின்னலைப் பிளேட்டில் பதிக்க முடியுமா?
- வாசகி, சேரன்மகாதேவி

பதில்: தாராளமாக. சாஃப்ட் கிரவுண்டு என்பது மெழுகோடு கொழுப்பு சேர்த்த பூச்சு, முழுசாகக் காயாது, எதை வைத்து அழுத்தினாலும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பாய்த்துண்டை அதன் மேல் வைத்து பிரஸ்ஸில் லேசான அழுத்தத்தில் ஒருமுறை ஓட்டி மெதுவாகத் தூக்கினால், கோரை பட்ட இடமெல்லாம் உலோகம் தெரியும், அந்த இடத்தை அரிக்கவிட வேண்டியதுதான். சாதாக் கோரையில் தடித்த வரிதான் கிடைக்கும். பட்டுப்பாய் என்றால் நெசவுத்துணி மாதிரி அவ்வளவு நுணுக்கமாக விழும். கல்யாணப் பாயில் கை வைக்காதீர்கள், பின்னுகிறவர்களிடம் ஓரத்தில் வெட்டிப்போட்ட துண்டு இருந்தால் கேட்டு வாங்குங்கள். ஒருமுறை கொழுப்பு ஏறிவிட்டால் அதில் யாரும் படுக்க முடியாது.