கேட்டது நீங்கள்: சேஃப்டியை எதை வைத்து எடைபோடுவது?

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கிற என்ர பெறாமகனுக்கு அமெரிக்கன் ஃபுட்போல் என்றால் பைத்தியம். அவன்ர அணி டிராஃப்ட்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தெரிவுசெய்வது) கல்லூரி சேஃப்டி (பின்காவல் வீரர்) ஒருவரை மூன்றாம் சுற்றில் எடுத்ததாம். 40 யார் ஓட 4.6 செக்கன் எடுத்தவராம். "மாடு மாதிரி ஓடுறான் சித்தப்பா" என்று ஒரே புலம்பல். வேகம் இல்லாவிட்டால் சரிவராதா?
— வாசகர், சுன்னாகம்

பதில்: பெறாமகனுக்கு ஒரு கணக்குச் சொல்லுங்கள். 4.45 செக்கனில் ஓடுகிறவரையும் 4.59 செக்கனில் ஓடுகிறவரையும் ஒன்றாக ஓடவிட்டால், 40 யார் முடிவில் இருவருக்கும் இடைவெளி ஏறத்தாழ ஒன்றரை யார்தான். இனி ஆட்டத்துக்கு வருவோம். சேஃப்டி என்பவர் பின்னால் நிற்கும் கடைசிக் காவல், றக்பியில் ஃபுல்பேக் நிற்பதுபோல. பந்தை எறிபவரான குவார்ட்டர்பேக் அதை ஓட்டக்காரரிடம் கொடுப்பதுபோலப் பாசாங்கு செய்கிறார். சேஃப்டி ஏமாந்து இரண்டு யார் முன்னே வருகிறார். அரைச் செக்கன் போய்விட்டது. எறியும் பந்தைப் பிடிக்கச் செக்கனுக்கு 9 யார் ஓடிவரும் ரிசீவர் அதற்குள் நாலரை யார் வந்துவிடுவார். இருவருக்கும் இடையில் இருந்த 12 யாரில் ஆறரை யார் காலி. ஒரு பிழையான காலடி, ஓட்டப்பந்தய வித்தியாசத்தைப்போல நான்கு மடங்குக்கு மேல் தின்றுவிடுகிறது.

கைல் ஹாமில்டன் 2022 இல் ஓடியது 4.59. நோட்ரடாமில் படித்த, 6 அடி 4 அங்குல உயரக்காரர். பால்டிமோர் ரேவன்ஸ் அவரை 14 ஆவதாக எடுத்தது. 2023 இல் ஓல்-புரோ (வருடத்தின் சிறந்த வீரர்கள் பட்டியல்) முதல் அணியில் இருந்தார். அதற்காக வேகத்தைத் தூக்கி எறியவும் முடியாது. நடுவில் தனியாக 12, 15 யார் பின்னே நின்று இரு கரையையும் காக்கவேண்டியவருக்கு வேகம் வேண்டும். பந்து வைக்கும் கோட்டுக்குக் கிட்ட நின்று ஓட்டத்தை மறிப்பவருக்கு அவ்வளவு தேவையில்லை. அணி அவரை எங்கே நிறுத்தப் போகிறது என்று தெரியாமல் 4.6 ஐக் குறைசொல்வது அவசரம்.

அவர் ஆடிய ஆட்டத்தின் படத்தைப் பார்க்கும் முறை இது. ரி.வி. கமரா பந்தின் பின்னாலேயே போவதால் சேஃப்டி பாதி நேரம் திரையிலேயே இருக்கமாட்டார். 22 பேரையும் உயரத்திலிருந்து காட்டும் 'ஓல்-22' படம் கிடைத்தால் அதையே பாருங்கள். பந்து பின்னே கொடுபடும் கணத்தில் நிறுத்தி, சேஃப்டி எத்தனை யார் பின்னே நிற்கிறார் என்று எண்ணுங்கள். பிறகு மெதுவாக ஓடவிட்டு, முதல் இரண்டு காலடி எந்தப் பக்கம் போகிறது என்பதை மட்டும் பாருங்கள். அடுத்தது கோணம். பவுண்டரியில் நிற்கும் நல்ல களத்தடுப்பாளர் பந்தைத் துரத்தாமல் அது போய்ச்சேரும் இடத்துக்கு ஓடுவாரே, அதேதான். மூன்றாவது, ஆளை மடக்கும் விதம். கிளித்தட்டில் கோடு காக்கிறவர் எதிராளியின் முகத்தைப் பார்த்தால் ஏமாந்துபோவார், இடுப்பைப் பார்க்கவேண்டும், இங்கும் அப்படியே. ஆளை எட்ட இரண்டு யார் இருக்கும்போதே காலடியைக் குறுக்கி, உடலைத் தாழ்த்துகிறாரா? முழு வேகத்தில் தோளை எறிகிறவர் கைதட்டல் வாங்குவார். ஐந்து தடவையில் ஒரு தடவை ஆள் நழுவிவிடும். பின்னால் வேறு ஒருவரும் இல்லை என்பதால் அந்த ஒன்றே ஆறு புள்ளி. மடக்கப் போனது எத்தனை, தவறியது எத்தனை என்று நீங்களே எண்ணுங்கள். குறைந்தது நாலு ஆட்டம் வேண்டும், அதில் ஒன்றாவது பலமான அணிக்கு எதிரானதாக இருக்கட்டும்.

கேள்வி: கல்லூரியில் இன்டர்செப்ஷனை (எதிரணி எறிந்த பந்தை இடைமறித்துப் பிடிப்பது) அள்ளிக் குவித்தவர்கள் சிலர், தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லில் காணாமற்போவது ஏன்?
— வாசகி, பருத்தித்துறை

பதில்: இன்டர்செப்ஷனில் பாதி, மற்றவர் கையில் பட்டுத் தெறித்து மடியில் விழுந்ததாக இருக்கலாம். ஒவ்வொன்றையும் பார்த்துத்தான் பிரிக்கவேண்டும்: குவார்ட்டர்பேக்கின் கண்ணைப் படித்து முன்கூட்டியே நகர்ந்தாரா, நின்ற இடத்துக்குப் பந்து வந்ததா?

மைதானமும் ஒன்றல்ல. அகலம் இரண்டிலும் 160 அடிதான். ஆனால் ஒவ்வொரு முறையும் பந்தை வைத்துத் தொடங்கும் இடத்தின் எல்லையான இரு ஹாஷ் கோடுகளுக்கு இடையே கல்லூரியில் 40 அடி, என்.எஃப்.எல்.லில் பதினெட்டரை அடி. கல்லூரியில் பந்து ஒரு ஹாஷில் இருந்தால் ஒரு பக்கம் 60 அடி, மறுபக்கம் 100 அடி. ஒடுக்கமான பக்கத்தில் நிற்கும் சேஃப்டிக்குக் கரைக்கோடே ஒரு துணையாள். என்.எஃப்.எல்.லில் அது கிட்டத்தட்ட 71 அடியும் 89 அடியுமாகிவிடும்; மறைந்து நிற்கச் 'சின்னப் பக்கம்' கிடையாது. ஆகவே கல்லூரிப் படத்தில் அகலமான பக்கத்தைக் காத்த ஆட்டங்களைத் தேடிப் பாருங்கள்.

ஒரு நியாயமும் சொல்லவேண்டும். பந்து எறியப்படும்போது கல்லூரியில் எறியும் அணியின் முன்வரிசைத் தடியர்கள் 3 யார் முன்னே போகலாம், என்.எஃப்.எல்.லில் 1 யார்தான். அவர்கள் முன்னே பாய்வதைக் கண்டு 'ஓட்டம்தான்' என்று ஏமாந்த கல்லூரிப் பையனை முழுக்கக் குற்றம் சொல்லமுடியாது.

கேள்வி: கட்டையானவர் சேஃப்டி ஆகலாமா?
— மாணவன், கொக்குவில்

பதில்: தாராளமாக. 5 அடி 10 அங்குல புடா பேக்கரை அரிசோனா அணி 2017 இல் 36 ஆவதாக எடுத்தது, ஓல்-புரோ ஆனார். பந்து பிடிக்க வரும் உயரமான 'டைட் எண்ட்'டுக்கு முன்னால் பந்தைத் தட்டுவதில் மட்டும் கஷ்டம் இருக்கும்.

கேள்வி: 'சேஃப்டி' என்பது ஆளா, புள்ளியா? வர்ணனையாளர் இரண்டுக்கும் அதையே சொல்கிறார்.
— வாசகர், சாவகச்சேரி

பதில்: இரண்டும்தான். பந்து வைத்திருப்பவரை அவருடைய சொந்தக் கோல் கோட்டுக்குப் பின்னாலுள்ள எல்லைக்குள்ளேயே மடக்கினால் எதிரணிக்கு 2 புள்ளி. அதற்கும் சேஃப்டி என்றே பெயர். 2014 பெப்ரவரி சூப்பர் போல் இறுதிப்போட்டியில் டென்வருக்கு எதிராக சியாற்றில் அணி எடுத்த முதல் புள்ளிகளே அவைதான். முடிவு 43–8.

கேள்வி: எடுத்த ஆள் தேறுவாரா என்று எப்போது தெரியும்?
— வாசகர், நல்லூர்

பதில்: அதே சியாற்றிலைப் பாருங்கள். 2010 டிராஃப்ட்டில் ஏர்ல் தோமஸை 14 ஆவதாகவும், காம் சான்சலரை ஐந்தாம் சுற்றில் 133 ஆவதாகவும் எடுத்தார்கள். தோமஸ் உடனே இறங்கினார். சான்சலர் முதல் வருடம் மாற்று ஆள், 2011 இல்தான் நிரந்தர இடம். டிராஃப்ட்டில் எடுக்கப்பட்டவரின் முதல் ஒப்பந்தம் நாலு வருடம் என்பதால் அணிக்கும் பொறுமைக்கு இடமுண்டு. முதல் வருடத்தில் அவரைப் பெரும்பாலும் பந்தை உதைக்கும் ஆட்டங்களில்தான் காணலாம். பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுக்கும் பண்ட் உதைக்குப் பின்னால் ஓடிப்போய், வெட்டவெளியில் பந்துக்காரரைத் தனியாக மடக்குகிறாரா என்று பாருங்கள். சேஃப்டி வேலையில் மிகக் கடினமான பாதி அதுதான், முதல் மாதத்திலேயே கண்ணில் படும்.