பாண் போட வேண்டாம், தங்கச்சி

கேள்வி: எனக்கு மட்டக்களப்பில் கல்லடிதான் ஊர். கலியாணம் முடித்து மெல்பேர்ண் வந்து மூன்று வருடம். வீட்டுக்கு முன்னால் உள்ள மரத்துக்கு நீலத் தலையும் செம்மஞ்சள் நெஞ்சும் பச்சைச் செட்டையுமாகக் கிளிகள் கூட்டமாக வருகின்றன. போனில் படம் எடுத்தால் கறுப்புப் புள்ளிதான் விழுகிறது. கிட்டப் போனால் பறந்துவிடுகின்றன. பாண் போட்டுப் பழக்கு என்கிறார் கணவர். கமரா வாங்கித் தரவும் தயார். என்ன செய்யலாம்? ஊரில் இருந்தபோது ஒரு குருவியைக்கூட நிமிர்ந்து பார்க்காதவள் நான். இப்போது இந்தப் பைத்தியம் ஏன் என்று வெட்கமாகவும் இருக்கிறது.

பதில்: வெட்கத்தை விடுங்கள். நானும் நாற்பது வயதுவரை கல்லடிப் பாலத்தில் தலையைக் குனிந்து சைக்கிள் மிதித்தவன்தான். வாவிக்கு மேலே செம்பருந்து வட்டமடிப்பதை ஒரு வெளியூர்க்காரர் கைகாட்டித்தான் பார்த்தேன். பாடும் மீனைப் பற்றிப் பெருமை பேசும் ஊர், மேலே பறப்பதைக் கவனிப்பதில்லை.

நீங்கள் சொல்லும் கிளி ரெயின்போ லொரிகீட். அதன் நாக்கு நுனி பிரஷ் மாதிரி இருக்கும். பூவின் தேனையும் மகரந்தத்தையும் வழித்தெடுக்கத்தான் அந்த அமைப்பு. பாணும் சீனித் தண்ணீரும் அதற்கு வயிற்றை நிரப்புமே தவிர உடம்புக்கு ஆகாது. ஒரே தட்டில் பல கிளிகள் வாய் வைத்தால் அலகையும் இறகையும் கெடுக்கும் நோய் ஒன்று பரவும். ஆகவே பாண் வேண்டாம். கணவர் கோபித்தால் என் பெயரைச் சொல்லுங்கள்.

அந்த மரத்தில் போத்தல் கழுவும் பிரஷ் போலச் சிவப்புப் பூ இருக்கிறதா? இருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. நம்மூர் முருங்கைப் பூவுக்குத் தேன்சிட்டு வருவதுபோல, பூ இருக்கும்வரை அவையும் வரும். கிட்டப் போக வேண்டாம். அவை வருவதற்கு முன்பே போய் உட்காருங்கள். காலையில், வெயில் உங்கள் முதுகில் விழும் பக்கமாக, தாழ்ந்த கொப்பில் உள்ள ஒரு பூங்கொத்தைப் பார்த்து நாற்காலியைப் போடுங்கள். கையில் தேத்தண்ணி இருக்கட்டும். நேரே நடந்து வரும் மனிதர் கிளிக்குப் பூனை மாதிரி. அசையாமல் இருப்பவரைக் கொஞ்ச நேரத்தில் அது மறந்துவிடும்.

கறுப்புப் புள்ளிக்குக் காரணம் வானம். பின்னால் வெளிச்சம் கூடினால் போன் பறவையை இருட்டாக்கிவிடும். இலை பின்னணியில் வருமாறு நகர்ந்து உட்காருங்கள், திரையில் கிளியைத் தொட்டு வெளிச்சத்தை ஏற்றுங்கள். விரலால் இழுத்துப் பெரிதாக்கி எடுக்காதீர்கள். எடுத்த பிறகு வெட்டிக்கொள்ளலாம். தொடர்ச்சியாக இருபது படம் எடுத்தால் ஒன்று தேறும். அது தலைகீழாகத் தொங்கித் தின்கிற சாதி, கலியாண மாப்பிள்ளை மாதிரி போஸ் கொடுக்காது.

கமராவை மூன்று மாதம் தள்ளிப் போடுங்கள். ஆசை அப்போதும் இருந்தால், லென்ஸ் மாற்றத் தேவையில்லாத, நீள ஸூம் உள்ள பழைய கமரா ஒன்று போதும். நிக்கோன் P950இல் 83 மடங்கு ஸூம் உண்டு. ஆனால் கை நடுங்கினால் அவ்வளவும் வீண், சுவரிலோ தூணிலோ சாய்த்துப் பிடியுங்கள். பறப்பதை எடுக்க ஷட்டர் வேகம், அதாவது கமரா வெளிச்சத்தை உள்ளே விடும் நேரம், 1/1000 செக்கனாகவோ அதைவிடக் குறைவாகவோ இருக்க வேண்டும். அப்புறம், நீள லென்ஸ் அயல்வீட்டு ஜன்னல் பக்கம் திரும்பினால் வீண் வம்பு. முதலே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

பூங்காப் பக்கமும் போங்கள். இளஞ்சிவப்பும் சாம்பலுமான கலா கிளிகள் புல்தரையில் மேயும். நீங்களும் தரையோடு உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராகப் படம் விழும். நின்று எடுத்தால் முதுகுதான் கிடைக்கும்.

டிசம்பர் லீவுக்கு ஊருக்கு வருவீர்கள்தானே? நமக்கு அது மழைக்காலம்; கமராவுக்கு ஒரு பொலித்தீன் பையும் கொண்டு வாருங்கள். வலசை வந்த ஆறுமணிக் குருவி அப்போது இங்கே இருக்கும். சத்தம் விடியலிலும் பொழுதுபடும்போதும் கேட்கும், ஆள் பற்றைக்குள்ளே ஒளிந்திருப்பார். நீலவால் பஞ்சுருட்டான் அப்படியில்லை, மின்கம்பியில் பகிரங்கமாக உட்காரும். ஒரு முழு நாள் கிடைத்தால் அம்பாறைப் பக்கம் குமண தேசியப் பூங்காவுக்குப் போகலாம். கிடைக்காவிட்டால் வீட்டு முற்றமே போதும். முருங்கை இன்னும் நிற்கிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள். நின்றால், நீங்கள் வரும்வரை வெட்ட வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.