‘வீட்டுக்கு எப்போ போறோம்?’

கேள்வி: 74 வயதான என் அம்மாவை எங்களோடு அழைத்து வந்து இரண்டு மாதமாகிறது. தனி அறை, புதுக் கட்டில், புது மெத்தை என்று எல்லாம் இருந்தும் ‘வீட்டுக்கு எப்போ போறோம்?’ என்றே கேட்கிறார். எங்களிடம் என்ன குறை?

பதில்: குறை அந்தப் ‘புது’வில்தான். பழைய வீட்டில் இருட்டிலும் அவர் கை நேராக சுவிட்சுக்குப் போயிருக்கும். எந்தக் கதவு இறுக்கும், எங்கே படி இடறும் என்பதெல்லாம் உடம்புக்கே தெரியும். இங்கே ஒவ்வொன்றையும் யோசித்துச் செய்கிறார். அது அலுப்பு.

கட்டிலில் ஆரம்பியுங்கள். அங்கே எந்தப் பக்கமாக எழுந்திருப்பார், கழிப்பறை இடமா வலமா என்று கேட்டு, அதே வாக்கில் திருப்பிப் போடுங்கள். விளிம்பில் உட்கார்ந்தால் பாதம் முழுதும் தரையில் பதிய வேண்டும். முழங்கால் ஏறக்குறைய 90 டிகிரியில் மடங்க வேண்டும். மெத்தை தடித்தால் கால் தொங்கும், இராத்திரி அவசரத்தில் சறுக்கும். கழிப்பறை வரை முழங்காலுக்குக் கீழே மங்கிய மஞ்சள் விளக்கு வையுங்கள். நடு இரவில் பெரிய விளக்கைப் போட்டால் கண் கூசித் தடுமாறுவார்.

அவருடைய பழைய போர்வையைக் கொண்டு வாருங்கள். வந்ததும் உங்கள் சோப்பில் போட்டு அலசிவிடாதீர்கள்! வாசனைக்கும் நினைவுக்கும் மூளையில் நெருங்கிய தொடர்பு; அதைத் துவைத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் துணி.

வாசல் சாவி ஒன்று அவர் கையில் இருக்கட்டும். அவர் அலமாரியை அவரைக் கேட்காமல் திறக்காதீர்கள். ‘நீ சும்மா உக்காரும்மா’ என்பதை முதலில் நிறுத்துங்கள். அது விருந்தாளியிடம் சொல்வது. அவர் பொறுப்பென்று தினமும் ஒரு வேலை இருக்க வேண்டும். பழைய வீட்டுச் சாமான்களை அவருக்குத் தெரியாமல் கழிப்பது கூடவே கூடாது.

இரண்டு மாதம் அதிகமில்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வொன்றில், சின்னதொரு அன்றாடப் பழக்கம் தானாக நடக்கவே சராசரியாக 66 நாள் ஆனது; ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். இடமே புரியாமல் கேட்டாலோ, சாயங்காலமானால் தவிப்பு கூடினாலோ, எப்போதோ இல்லாமல் போன சிறுவயது வீட்டைத் தேடினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். ஓரிரு நாளில் திடீரென வந்த குழப்பமென்றால் தள்ளிப்போடவே வேண்டாம். சிறுநீர்த் தொற்றோ மருந்தோகூடக் காரணமாகலாம். ‘இதுதான் உன் வீடு’ என்று வாதாடினால் பதற்றம்தான் ஏறும். அங்கே என்ன வேலை இருக்கிறது என்று கேளுங்கள், பேசட்டும்.

கேள்வி: வாடகை வீடு. ஆணி அடிக்கக் கூடாது. ஆறு மாதமாகியும் லாட்ஜ் மாதிரியே இருக்கிறதே?

பதில்: கூடத்தில் நின்று கை தட்டிப் பாருங்கள். எதிரொலித்தால், ஒலியை உறிஞ்சத் துணி போதவில்லை. ஜன்னல் அகலத்தைப்போல் இரு மடங்கு துணியில் கொசுவம் வைத்து, தரை வரை திரை போடுங்கள். இரு பக்கச் சுவருக்கும் நடுவே திருகி இறுக்கி நிறுத்தும் கம்பிக்கு ஆணி வேண்டாம். வெள்ளை பல்புக்குப் பதில் 2700 கெல்வின் (ஒளியின் நிறத்துக்கான அளவு) மஞ்சள் பல்பு. இன்னும் பிரிக்காத அட்டைப்பெட்டிகள் மூலையில் இருக்கின்றனவா? அவற்றை இந்த வாரமே பிரியுங்கள்.