குளிர் காட்டிக்கொடுக்கும் நெஞ்சு இறுக்கம்

கேள்வி: எனக்கு வயது 54. ரத்த அழுத்தத்துக்கு லோசார்டானும் ஹைட்ரோகுளோரோதயசைடும் கலந்த மாத்திரை சாப்பிடுகிறேன். போன குளிர்காலத்திலிருந்து, சைக்கிளில் மேடு ஏறும்போது நெஞ்சு இறுகுகிறது, தாடை கடுக்கிறது. செயினைப் பார்ப்பதுபோல் இரண்டு மூன்று நிமிடம் நின்றால் சரியாகிவிடும். குளிர்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து, இந்த முறை ஆறு வாரம் வெப்பமான ஒரு வெளிநாட்டில் தனியாக சைக்கிள் பயணம் போகத் திட்டமிட்டிருக்கிறேன். நண்பரின் இன்ஹேலரை எடுத்துப் போகலாமா? மலேரியா, நாய்க்கடி, விரல் மரத்துப்போவது, சீட் வலி, முழங்கால் வலி, உப்பு மாத்திரை, விமானப் பயணத்தில் ரத்தக்கட்டு ஆகியவற்றுக்கு எப்படித் தயாராவது? ஆளில்லாத ரோட்டில் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயமும் இருக்கிறது.

பதில்: டிக்கெட் எடுக்கவில்லை என்றால் இப்போது எடுக்காதீர்கள். எடுத்திருந்தால் தேதியை மாற்ற முடியுமா என்று கேட்டு வையுங்கள். இந்த வாரமே ஓர் இதயநோய் மருத்துவரைப் பாருங்கள். மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான்.

கடைசி வரியில் ஒரு பயத்தை எழுதியிருக்கிறீர்கள். அதற்கான காரணத்தையும் நீங்களே மேலே எழுதிவிட்டீர்கள். மேடேறினால் நெஞ்சு இறுகுகிறது, தாடைக்குப் பரவுகிறது, நின்றால் சில நிமிடங்களில் விட்டுவிடுகிறது. மூன்றும் சேர்ந்து வந்தால் அது ஆஞ்சைனாதான் என்று எடுத்துக்கொண்டு சோதிக்க வேண்டும். அதாவது, இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் அடைப்பு இருக்கலாம். 1768-இல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் இந்த நோயை முதலில் விரிவாக விவரித்தபோதும், நடக்கும்போது, அதிலும் மேடேறும்போது பிடிக்கும், நின்றதும் விட்டுவிடும் என்றுதான் சொன்னார். இன்றுவரை இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை.

குளிர் இதில் செய்வது என்ன? தோலுக்கு அடியில் உள்ள ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன, ரத்த அழுத்தம் ஏறுகிறது, அந்த அழுத்தத்தை எதிர்த்து இதயம் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. ஏற்கெனவே குறுகிய இதயக்குழாய் குளிரில் இன்னும் இறுகலாம். சைக்கிளில் போகிறவருக்கு எதிர்க்காற்று வேறு. கனடா இதயநோய் மருத்துவர் சங்கம் 1976-இல் வகுத்த ஆஞ்சைனா நிலைகளில், இரண்டாம் நிலையின் விவரத்திலேயே மேடேறுவது, குளிர், காற்று மூன்றும் சேர்ந்து வருகின்றன. உங்கள் குழாயைக் குளிர் கெடுக்கவில்லை. உள்ளே இருப்பதை அது காட்டிக்கொடுக்கிறது.

அதனால்தான் இந்தப் பயணத்திட்டம் எனக்குக் கவலை தருகிறது. வெப்பமான ஊரில், சமதரையில், முதல் இரண்டு நாள் உங்களுக்கு ஒன்றுமே தெரியாமல் போகலாம். குணமாகிவிட்டது என்று நினைத்து வேகத்தைக் கூட்டுவீர்கள். ஆனால் வெயிலில் உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்குத் திரும்பும், வியர்வையில் நீர் குறையும், அதே வேகத்துக்கு இதயம் அதிகமாகத் துடிக்கும். பின்னால் இருபது கிலோ மூட்டை. அடுத்த மேட்டில் அதே இறுக்கம் திரும்ப வரும். அங்கே பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்காது.

ஆஸ்துமா இளைப்பாக இருக்கக்கூடாதா என்று கேட்பீர்கள். குளிர்ந்த, உலர்ந்த காற்றில் மூச்சுக்குழாய் சுருங்குவது உண்மைதான். ஆனால் அதன் நேரக்கணக்கு வேறு. அது பெரும்பாலும் உழைப்பை நிறுத்திய 5 முதல் 10 நிமிடங்களுக்குள் அதிகமாகி, அரைமணி முதல் ஒரு மணி நேரம் வரை நீடிக்கும். இருமல் வரும், நெஞ்சில் விசில் சத்தம் கேட்கும். உங்களுக்கு நின்றதும் குறைகிறது. தாடை கடுப்பது இளைப்பில் வருவதும் இல்லை. இதயத்திலிருந்து வரும் வலி நரம்புகளும், தாடை, தோள், கையிலிருந்து வரும் நரம்புகளும் தண்டுவடத்தில் ஒன்றோடொன்று கலப்பதால், வலி அங்கே இருப்பதுபோல் மூளைக்குத் தோன்றுகிறது. பல்வலி என்று பல் மருத்துவரிடம் போய்ச் சுற்றுகிறவர்களும் உண்டு.

ஆகவே நண்பரின் இன்ஹேலரைத் தொடாதீர்கள். அதில் இருப்பது சால்புடமால் என்றால், அது இதயத்துடிப்பை ஏற்றும். ரத்தம் போதாத இதயத்தை மேலும் ஓடவைப்பது அது. யாருக்கோ எழுதிக்கொடுத்த மருந்தை, என்ன நோய் என்றே தெரியாமல் பையில் போட்டுக்கொள்வதைத் தயாரிப்பு என்று நினைக்காதீர்கள்.

மருத்துவரைப் பார்க்கும்வரை மேடு ஏறாதீர்கள். 'இன்னொரு தடவை ஏறிப் பார்க்கிறேன், வருகிறதா என்று' என்ற சோதனையும் வேண்டாம். சமதரையில், வலி வராத அளவுக்கு மெதுவாக நடக்கலாம். இறுக்கம் முன்பைவிடக் குறைந்த உழைப்பிலேயே வந்தாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதோ தூக்கத்திலோ வந்தாலோ, நின்ற பிறகும் 15 நிமிடங்களுக்கு மேல் நீடித்தாலோ, கூடவே வியர்த்தாலோ, மயக்கம் வந்தாலோ, உடனே ஆம்புலன்ஸ். சைக்கிளிலோ சொந்தக் காரை ஓட்டியோ ஆஸ்பத்திரிக்குப் போக முயல வேண்டாம். ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவராகவோ வயிற்றுப் புண், ரத்தக்கசிவு உள்ளவராகவோ இல்லையென்றால், 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கலாம். ஆஸ்பிரின் போட்டதும் வலி குறைந்தது என்று ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

படுக்கவைத்து எடுக்கும் ஈ.சி.ஜி. சரியாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், அதோடு திரும்பிவிடாதீர்கள். ஆஞ்சைனா உள்ள பலருக்கு ஓய்வில் எடுக்கும் ஈ.சி.ஜி. சாதாரணமாகவே இருக்கும். உழைப்பில் என்ன நடக்கிறது என்று பார்க்கும் சோதனையோ, இதயக்குழாய்களைப் படமெடுக்கும் சி.டி. ஆஞ்சியோகிராமோ தேவைப்படும். எது என்பதை உங்களைச் சோதிக்கும் மருத்துவர் முடிவு செய்வார். எக்கோ எடுத்தால் வால்வு குறுகியிருக்கிறதா என்பதும் தெரியும். அதுவும் இதே இறுக்கத்தைத் தரக்கூடியது. ரத்தசோகையும் தைராய்டும் ஆஞ்சைனாவைக் கிளறிவிடும் என்பதால் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றையும் பார்ப்பார்கள்.

அடைப்பு இருந்தால் பயணம் முடிந்தது என்று அர்த்தமில்லை. மாத்திரையிலோ ஸ்டென்ட் வைத்தோ நிலைமை சீரான பிறகு, பலர் மறுபடியும் சைக்கிள் ஓட்டுகிறார்கள். மருத்துவர் சொல்லும் காலத்துக்குப் பொறுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இதயத்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை கொடுத்தால் துடிப்பு முன்போல ஏறாது. அதனால் கைக்கடிகாரம் காட்டும் இதயத்துடிப்பு இலக்குகள் உங்களுக்குப் பொருந்தாது. பேசிக்கொண்டே ஓட்ட முடிகிறதா என்பதுதான் அளவு. நெஞ்சு இறுகும்போது நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை கொடுத்தால், அதை அதன் கண்ணாடிப் புட்டியிலேயே வையுங்கள். பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றினால் வீரியம் போய்விடும். வெயிலில் சூடேறும் சைக்கிள் பை அதற்கு இடமல்ல. புட்டியைத் திறந்து 8 வாரமானால் புதிது வாங்க வேண்டும். நெடும்பயணத்துக்கு ஸ்பிரே வசதி. எதுவானாலும் உட்கார்ந்துகொண்டுதான் எடுக்க வேண்டும், ரத்த அழுத்தம் திடீரென்று இறங்கும். ஆண்மைக்குறைவுக்கான மாத்திரை எடுப்பவர் அதை மருத்துவரிடம் கூச்சமில்லாமல் சொல்லிவிட வேண்டும். சில்டெனாஃபில் எடுத்த 24 மணி நேரத்துக்குள்ளும், டடலாஃபில் எடுத்த 48 மணி நேரத்துக்குள்ளும் நைட்ரேட் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. பயணக் காப்பீட்டுப் படிவத்திலும் இந்த இறுக்கத்தையும் நிலுவையில் உள்ள சோதனைகளையும் மறைக்காதீர்கள். மறைத்தது தெரிந்தால் பணம் தர மறுப்பார்கள்.

மற்றக் கேள்விகளில் முழங்கால் வலிக்கு மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும். வலியை விட, அதற்கு நீங்கள் போடக்கூடிய மாத்திரைதான் கவலை. லோசார்டான், அதோடு கலந்திருக்கும் தயசைடு (ஹைட்ரோகுளோரோதயசைடு), அதன்மேல் ஐபுப்ரோஃபெனோ டைக்ளோஃபெனாக்கோ, கூடவே வியர்வையில் நீர் வற்றிய உடம்பு. இந்த நான்கும் ஒரே நாளில் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குள் போகும் ரத்தம் படுத்துவிடும், சில நாளிலேயே சிறுநீரகம் செயலிழக்கலாம். இந்த வலி மாத்திரைகள் இதயத்துக்கும் நல்லதல்ல. வலி முழங்காலின் முன்புறம் என்றால் சீட் தாழ்வாக இருக்கிறது, பின்புறம் என்றால் உயரமாக இருக்கிறது என்பது பெரும்பாலும் சரி. ஒரு தடவைக்கு அரை சென்டிமீட்டர் மாற்றிப் பாருங்கள். கனமான கியரில் மிதிக்காமல், நிமிடத்துக்கு 80 சுற்றுபோல லேசாகச் சுழற்றுங்கள். தேவையென்றால் பாராசிட்டமால் போதும். வாந்தி, வயிற்றுப்போக்கு வரும் நாளில் ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தி வைக்க வேண்டுமா என்பதை, கிளம்பும் முன்பே உங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

உப்பு மாத்திரை வேண்டாம். ரத்த அழுத்தத்தை ஏற்றிக்கொள்ள வெளிநாடு போக வேண்டியதில்லை. பொட்டாசியம் சேர்த்த மாற்று உப்பும் லோசார்டானோடு சேரக்கூடாது. தாகத்துக்குத் தண்ணீர் குடியுங்கள். 'மணிக்கு இத்தனை லிட்டர்' என்று நெட்டில் படித்துவிட்டுத் திணித்துக் குடிப்பவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்புவரை போகும். தயசைடு எடுப்பவருக்கு அந்த ஆபத்து இன்னும் கூடுதல். ஓட்டி முடித்த பிறகு உங்கள் எடை கிளம்பியபோது இருந்ததைவிட ஏறியிருந்தால், அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள். வெயிலுக்கு உடம்பு பழக 7 முதல் 14 நாள் ஆகும். முதல் வாரம் வழக்கமான தூரத்தில் பாதி, அதுவும் விடிகாலையில். வெயிலில் ஒருவர் தடுமாறினாலோ சம்பந்தமில்லாமல் பேசினாலோ, நிழலில் கிடத்தி உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போவது ஹேண்டில்பாரில் அழுந்தும் மணிக்கட்டு நரம்பால். ஹேண்டிலை உயர்த்துங்கள், பிடியை அடிக்கடி மாற்றுங்கள். ஒரு நாள் ஓய்வுக்குப் பிறகும் போகாவிட்டாலோ, விரலில் பலம் குறைந்தாலோ நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். சீட்டின் முனை மேல்நோக்கி இருந்தால் சமமாக்குங்கள், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பெடலில் எழுந்து நில்லுங்கள். 

நாய் கடித்தாலும் கீறினாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே தடுப்பூசி. மலேரியா மாத்திரை வேண்டுமா என்பது நாட்டையும் பகுதியையும் பொறுத்தது. கிளம்ப ஆறு வாரம் முன்பு பயண மருத்துவரிடம் கேளுங்கள், டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் வெயிலில் தோல் சீக்கிரம் வெந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். மலேரியா உள்ள பகுதிக்குப் போய்த் திரும்பி ஓராண்டுக்குள் காய்ச்சல் வந்தால், எங்கே போய் வந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். விமானத்தில் கெண்டைக்காலை ஆட்டிக்கொண்டு, எழுந்து நடங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் காட்டுங்கள்.

இவற்றுக்கெல்லாம் இன்னும் நேரம் இருக்கிறது. நாளைக் காலை இதயநோய் மருத்துவரின் கிளினிக்குக்கு போன் செய்யும்போது 'செக்கப்' என்று சொல்லாதீர்கள். 'மேடேறினால் நெஞ்சு இறுகுகிறது, தாடைக்கும் போகிறது, நின்றால் மூன்று நிமிடத்தில் விடுகிறது, போன குளிர்காலத்திலிருந்து' என்று நீங்கள் எழுதியதை அப்படியே சொல்லுங்கள். அப்போதுதான் சீக்கிரம் நேரம் ஒதுக்குவார்கள். அங்கே போவதற்குச் சைக்கிளை எடுக்காதீர்கள்.