மச்சானின் ஓட்டுக்கு உங்கள் கடன் எதற்கு?

கேள்வி: பாடாங் செராய் பக்கம் செம்பனை ஆலையில் வேலை செய்கிறேன். பிளாக்செயின் (பல கணினிகளில் பகிர்ந்து வைக்கும் பதிவேடு) தளம் ஒன்றில் தோட்டத்துக் கதைகள் எழுதுகிறேன். ஓட்டு விழுந்தால் டோக்கன், அதாவது தளத்தின் கிரிப்டோ நாணயம், கிடைக்கும். டோக்கன் அதிகம் வைத்திருந்தால் வருமானம் ஏறும் என்று மனைவியின் தம்பி சொன்னதால், 10,000 ரிங்கிட் கடன் எடுத்து (8 விழுக்காடு, 5 ஆண்டு) டோக்கன் வாங்கி, உடனே விற்க முடியாதபடி பூட்டினேன். அதனால் கிடைத்த ஓட்டு பலத்தை அவர் கணக்குக்கு டெலிகேட் செய்துவிட்டேன், அதாவது அவர் பயன்படுத்தக் கொடுத்துவிட்டேன். இன்று அந்த டோக்கன்களின் மதிப்பு 3,000 இருக்கும். எழுதுவதில் மாதம் 40 ரிங்கிட் போல வருகிறது. இப்போது இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) மூன்றாம் கணக்கிலிருந்து இன்னும் 3,000 எடுத்துப் போடச் சொல்கிறார். விலை ஏறும்வரை காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்க வேண்டாம். இனி ஒரு சென்கூடப் போடவும் வேண்டாம். டோக்கன் விலை ஏறும், இறங்கும்; அது உங்களுக்கே தெரியும். என்னைக் கவலைப்படுத்துவது வேறு. மச்சான் சொன்னார் என்று கடன் வாங்கி அவர் கணக்கைப் பலப்படுத்தியிருக்கிறீர்கள். ஓட்டு பலம் அவரிடம், மாதத் தவணை உங்களிடம்.

கணக்கைப் பாருங்கள். ஆண்டுக்கு 800 வீதம் 5 ஆண்டில் வட்டி 4,000. மாதத் தவணை சுமார் 233. எழுத்து தருவது 40. மீதி 190க்கு மேல் உங்கள் சம்பளத்திலிருந்துதான் போகிறது. அசல் குறைந்தாலும் வட்டி குறையாத கடன் என்பதால் உண்மையான வட்டி 14 விழுக்காட்டை ஒட்டி வரும்.

இந்த வகைத் தளங்களில் முதலில் பேர் வாங்கியது 2016இல் வந்த ஸ்டீமிட். 2018 ஜனவரியில் அதன் ஸ்டீம் டோக்கன் 8 டாலரைத் தொட்டது. அந்த ஆண்டு முடிவில் அரை டாலர்கூட இல்லை. நவம்பரிலேயே நிறுவனம் ஊழியர்களில் 70 விழுக்காட்டினரை நிறுத்திவிட்டது. ஏன் இப்படி ஆனது? பத்திரிகைக்கு வாசகரும் விளம்பரதாரரும் பணம் தருகிறார்கள். அங்கே புதிதாக உருவாக்கிய டோக்கனைத்தான் எழுதியவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். அதை விற்கப் போனால், காசு கொடுத்து வாங்க வெளியிலிருந்து ஒருவர் வர வேண்டும். எழுத வந்தவர்கள் நிறைய. வாசிக்க மட்டும் வந்தவர்கள் குறைவு.

ஓட்டு விஷயம் இன்னும் மோசம். 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உங்கள் பெற்றோர் அறிந்திருப்பார்கள். கூட்டுறவில் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஓர் ஓட்டுதான். ஸ்டீமில் பூட்டிய டோக்கன் அளவுக்கு ஓட்டு. பணக்காரக் கணக்குகள் தங்களுக்கே ஓட்டுப் போட்டுக்கொண்டன. காசு வாங்கி ஓட்டுப் போடும் தானியங்கி நிரல்கள் வந்தன. மட்டமான பதிவும் மேலே ஏறியது. 2020இல் டிரான் என்ற கிரிப்டோ நிறுவனத்தின் நிறுவனர் ஜஸ்டின் சன் ஸ்டீமிட்டை வாங்கிய பிறகு, தளத்தை நடத்துவோரைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டில், கிரிப்டோ பரிமாற்றச் சந்தைகள் வாடிக்கையாளர்கள் தங்களிடம் வைத்திருந்த டோக்கன்களைக்கொண்டே அவர் பக்கம் ஓட்டுப் போட்டன. அதை எதிர்த்துப் பிரிந்தவர்கள் அந்த மார்ச்சில் ஹைவ் என்ற தளத்தைத் தொடங்கினார்கள். அது இன்றும் நடக்கிறது, ஒட்டிக்கொண்ட சமூகம் இருப்பதால். அந்தச் சமூகத்தில் சேரக் கடன் தேவையில்லை, எழுதத் தெரிந்தால் போதும். உங்களுக்குத் தெரிகிறது. எழுதுவதை நிறுத்தாதீர்கள்.

இன்றைக்கே டெலிகேஷனை ரத்து செய்யுங்கள். பூட்டை அவிழ்க்கத் தொடங்குங்கள். ஹைவில் அதற்கு 13 வாரம், உங்கள் தளத்தின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். வாராவாரம் வருவதை விற்று, தவணைக்கென்று தனியாக வையுங்கள். 3,000 ரிங்கிட் என்றால் ஏறக்குறைய 13 மாதத் தவணை. சிறிய காசில்லை.

இபிஎஃப் பணம் 2024க்கு 6.3 விழுக்காடு ஈவு தந்தது. மூன்றாம் கணக்கை எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம் என்பதே அதன் ஆபத்து. உறவினர்களுக்கும் அது தெரியும். எடுத்தே ஆக வேண்டுமென்றால் கடனை அடைக்க எடுங்கள். அதற்கு முன், முன்கூட்டியே முடித்தால் எவ்வளவு தள்ளுபடி, பகுதியாகக் கட்டினால் வட்டி குறையுமா என்று கடன் கொடுத்தவரிடம் எழுத்தில் கேளுங்கள். தவணை கழுத்தை நெரித்தால் பேங்க் நெகாரா அமைத்த கடன் ஆலோசனை நிறுவனமான ஏகேபிகே இலவசமாக ஆலோசனை தருகிறது.

மச்சானிடம் பேசுமுன் மனைவியிடம் 233, 40 என்ற இரண்டு எண்களையும் காட்டிவிடுங்கள். தம்பியிடம் "இனி இல்லை" என்று மனைவியே சொன்னால் வீட்டில் சண்டை குறையும்.